பொத்தான் வேறு, தந்தி வேறு

'கிடார் ஹீரோ' வீடியோ கேம் விளையாடும் பிள்ளை பாதி இசைக்கலைஞன் ஆகிவிட்டான், இனி மயிலாப்பூர் மாடிவீட்டு வீணை வகுப்பில் சரளி வரிசையை மாதக்கணக்கில் தேய்ப்பானேன் என்று கேட்கிறார் நண்பர். தாளப் பிடிப்பு வரும் என்கிறார். வரும், மறுக்கவில்லை. மற்றதை ஏற்க முடியாது.

2005இல் வந்த அந்த விளையாட்டின் கருவியில் இருப்பவை ஐந்து பொத்தான்கள். நேரத்துக்கு அழுத்தினால், வேறொருவர் முன்பே வாசித்துப் பதிவு செய்தது ஒலிக்கும். தவறினால் அது அடங்கிவிடும். பிள்ளையின் விரல் ஒரு ஸ்வரத்தைக்கூட உண்டாக்கவில்லை.

வீணையில் மெட்டுகள் 24. மெட்டில் விரலை வைத்தால் மட்டும் ராகம் வந்துவிடாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவது. தந்தியை எவ்வளவு இழுப்பது, எங்கே தளர்த்துவது என்பதைக் காதும் விரலும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். விரல்நுனியில் தழும்பு விழும். அபஸ்வரம் வந்தால் அதையும் நாமே கேட்டாக வேண்டும். படிப்பு அங்கேதான் நடக்கிறது.

வீணை எஸ். பாலசந்தர் குருவிடம் போகாமல் தானே கற்றவர் ஆயிற்றே என்பார்கள். உண்மை. ஆனால் அவர் கற்றது வீணையிலேயே. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல ஸ்வரங்களை எழுப்பிய அந்தக் கை, திரையைப் பார்த்து வந்ததல்ல.

பிள்ளைகள் விளையாடட்டும். வரும் டிசம்பர் சீசனில் ஒரு வீணைக் கச்சேரிக்கும் அழைத்துப் போங்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, வித்வானின் இடது கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.