தண்ணி எங்கே போகுது... பார்த்தீங்களா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் போதும். புதுவைக்காரர்களுக்கு ஒரு வாசனை நன்றாகத் தெரியும். பீரோவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும். பட்டுப்புடவை மடிப்பில், கல்யாண ஆல்பத்தில், தலையணையில், பாயில்... எங்கே பார்த்தாலும் அதே பூசண வாசனை! ஒரு பக்கம் கடல், மேலே வடகிழக்குப் பருவமழை. ஜாடியில் உப்பு நீர்த்துப் போகும். அப்பளம் நமத்துப் போகும். தீக்குச்சியைக் கிழித்தால் மருந்து மட்டும் உதிரும், நெருப்பு வராது.

'நம்ம ஊர் அப்படித்தான்' என்று இத்தனை காலம் சும்மா இருந்தோம். இப்போது பல வீடுகளில் ஒரு மெஷின் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர் டீஹியூமிடிஃபையர். அறைக் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற மெஷின். நல்ல மெஷின்தான். வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடையில் நாம் விலை கேட்கிறோம், வாரன்ட்டி கேட்கிறோம், கரன்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்கிறோம். ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை.

'உறிஞ்சின தண்ணி எங்கேப்பா போகும்?'

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆகும் என்பதை என் அக்கா வீட்டில் நேராகப் பார்த்தேன்.

முத்தியால்பேட்டையில் பழைய வீடு. பேத்திக்கு அடிக்கடி இளைப்பு. "குழந்தை படுக்கிற ரூம்ல ஓதம் இல்லாம பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்ல, மெஷின் வந்தது. தினமும் அதன் தொட்டியைக் கழற்றி ஊற்றுவது கஷ்டமாக இருந்தது. மாட்ட வந்த பையன் ஒரு டியூபைச் சொருகி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியில் முடித்துவிட்டுப் போனான். பத்தே நாளில் மெஷின் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. தரையெல்லாம் தண்ணி. ரிப்பேருக்கு வந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சும்மா" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

போர்டெல்லாம் போகவில்லை. டியூப் தரையிலிருந்து மேலே ஏறி, ஜன்னல் கட்டையைத் தாண்டி வெளியே இறங்கியது. தண்ணி எப்படிங்க தானாக மேலே ஏறும்? அது மெஷினுக்குள்ளேயே தேங்கி, வழிந்து, தரைக்கு வந்துவிட்டது. மெஷினை உயரமான ஸ்டூலில் தூக்கி வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. படிக்குக் கீழே இருந்த வாளியை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் பேத்திக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அந்த வாளிக் கொசுதான் கடித்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாளியைப் பார்த்தபோது உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அது நிஜம். மூச்சுக்காக வாங்கிய மெஷின், காய்ச்சலுக்கு இடம் போட்டுக் கொடுத்திருந்தது!

மெஷினுக்குள்ளே என்ன நடக்கிறது?

ரொம்ப எளிது. ஐஸ் தண்ணி ஊற்றிய டம்ளரை மேஜையில் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கிறதில்லையா? அதேதான். ஃபேன் அறைக் காற்றை இழுக்கிறது. குளிர்ந்த காயில் மேல் அந்தக் காற்று படுகிறது. ஈரம் சொட்டாக மாறி, கீழே இருக்கிற டிரேயில் விழுந்து, தொட்டிக்கோ டியூபுக்கோ போகிறது. ஏ.சி.யிலும் இதே கதைதான். அதனால் டீஹியூமிடிஃபையர் இல்லாதவர்களும் தொடர்ந்து படியுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்...

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. ஈரத் தரையில் நின்றுகொண்டு மெஷினைத் தொடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று, தொட்டி. அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா? உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணி நிறைந்தால் அது மேலே வந்து மெஷினை நிறுத்திவிடும். அழுக்கில் மிதவை சிக்கிக்கொண்டால், காலித் தொட்டியாக இருந்தாலும் 'நிறைந்துவிட்டது' என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும். கழுவி, மிதவை தாராளமாக ஏறி இறங்குகிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள்.

இரண்டு, டியூபின் வாட்டம். பம்ப் இல்லாத மெஷினில் டியூப் தொடக்கத்திலிருந்து கடைசிவரை இறக்கமாகத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு மேடு, ஒரு மடிப்பு, கட்டில் கால் அழுத்துகிற ஓர் இடம் இருந்தாலும் போதும், தண்ணி நின்றுவிடும். டியூபின் முனை வாளித் தண்ணிக்குள் முழுகி இருப்பதும் தப்பு.

மூன்று, அடைப்பு. டியூபைக் கழற்றி ஒரு முனையில் ஒரு டம்ளர் தண்ணி ஊற்றுங்கள். மறுமுனையில் தடையில்லாமல் வருகிறதா? வரவில்லை என்றால் உள்ளே வழவழவென்று பாசி பிடித்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் வினிகர் கலந்து ஊற்றி, அரை மணி கழித்து அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரையோ, பிளீச் திரவத்தையோ மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். இளைப்புக்காரர்கள் இருக்கும் வீட்டில் அது விபரீதம்.

நான்கு, இணைப்பு. டியூப் மாட்டும் வாயில் உள்ள மூடியை எடுத்துவிட்டுத்தான் மாட்டினார்களா? ரப்பர் வாஷர் இருக்கிறதா? மெஷின் மட்டமாக நிற்கிறதா? பழைய வீட்டுத் தரை வாட்டமாக இருக்கும். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தால் டிரேயிலிருந்து தண்ணி ஓரமாக வழியும்.

ஐந்து, ஃபில்டர். தூசி அடைத்தால் காற்று போதாமல் காயிலில் ஐஸ் கட்டிக்கொள்ளும். அந்த ஐஸ் உருகும்போது கண்ட இடத்தில் கொட்டும். மெஷினை நிறுத்தி ஐஸை முழுவதும் உருகவிட்டு, ஃபில்டரைக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள். மறுபடி மறுபடி ஐஸ் கட்டினால் கேஸ் பிரச்னையாக இருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்களே உள்ளே கை விடாதீர்கள்.

இவ்வளவும் பார்க்க அரை மணி நேரம் ஆகுமா? அதற்குள் பாதிப் பேருக்கு வைத்தியம் முடிந்திருக்கும்!

தண்ணி சுத்தம்தான்... அதுதான் ஆபத்து!

டெங்கு கொசுவான ஏடிஸ் ஈஜிப்டி, சாக்கடையை விரும்புவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணிதான் அதற்குப் பிடிக்கும். மெஷின் தண்ணி, ஏ.சி. பைப்பின் கீழே வைத்த பக்கெட், ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் டிரே, பூந்தொட்டியின் அடித்தட்டு... எல்லாமே அதற்குப் பிரசவ வார்டு. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். இன்னொரு விஷயம். முட்டைகள் தண்ணிக்கு மேலே, வாளியின் உட்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த தண்ணி வந்ததும் பொரிக்கும். அதனால் வெறுமனே கவிழ்த்தால் போதாது. வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவ வேண்டும். நாரை எடுங்கள், அழுத்தித் தேயுங்கள்!

கொசுவைப் பற்றிப் புதுவைக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. யானைக்கால் நோய்க் கொசுவை எதிர்த்து 1980-களில் இதே ஊர்ச் சாக்கடைகளில் இறங்கி வேலை பார்த்தவர்கள் அவர்கள். டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தவர்களும் அவர்களே. இத்தனை பெரிய மையம் பக்கத்தில் இருந்தும், நம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வாளியை நாம்தானே கழுவ வேண்டும்?

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர மற்ற வலி மாத்திரைகளை, முக்கியமாக ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் போன்றவற்றை, நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் 'அப்பாடா' என்று இருந்துவிடவும் கூடாது. அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் உஷாராக இருக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில், மூக்கில் ரத்தம், சோர்ந்து போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொரு சந்தேகம் வரும். மெஷின் தண்ணி டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதானே, குடிக்கலாமா? கூடாது. காயிலின் உலோகமும், அறைத் தூசியும், கிருமியும் அதில் கலந்திருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் வேண்டாம். பூச்செடிக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள், கக்கூஸுக்கு விடுங்கள். அவ்வளவுதான்.

மெஷின் மருந்தா?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி. முப்பது டிகிரி வெப்பம், எண்பது சதவீத ஈரப்பதம். அந்த அறைக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணி ஏறக்குறைய 800 கிராம். ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்துக்கு இறக்க, அதில் சுமார் 300 கிராம், அதாவது ஒன்றரை டம்ளர் எடுத்தால் போதும். ஆனால் கதவு ஜன்னலை மூடிய பிறகும் தினம் தினம் நான்கு லிட்டர், ஐந்து லிட்டர் என்று தொட்டி நிறைகிறதே, அது எங்கிருந்து வருகிறது? சந்து வழியாக நுழையும் வெளிக்காற்றும் ஈரத்தைக் கொண்டுவரும்தான். மீதி உங்கள் சுவரிலிருந்து! மொட்டை மாடி விரிசலிலிருந்து, பக்கத்து பாத்ரூம் பைப்பிலிருந்து, அறைக்குள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட துணியிலிருந்து!

அதாவது, தொட்டி நிறைவது மெஷினின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. வீட்டின் வியாதியைக் காட்டும் தெர்மாமீட்டரும் அதுதான். ஓதம் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதில் சொல்லியிருக்கும் முதல் வைத்தியம், ஈரம் சேராமல் தடுப்பது.

நம் ஊர்ப் பழைய வீடுகளைப் பாருங்கள். செங்கல், சுண்ணாம்புக் காரை, திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம். முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணி வெளியேற வாட்டமும் வழியும் வைத்துத்தான் கட்டினார்கள். சுண்ணாம்புச் சுவர், உறிஞ்சின ஈரத்தைத் தானாக வெளியே விட்டுவிடும். நாம் என்ன செய்கிறோம்? அதன் மேல் சிமென்ட் பூசி, பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிறோம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, பெயின்ட் கொப்பளித்து, உப்பு பூக்கிறது. பிறகு அதை மறைக்க இன்னொரு கோட்டிங்! புண்ணை ஆற்றாமல் பவுடர் பூசுகிற கதைதான்.

புதிய ஃப்ளாட்டுகள் மட்டும் என்ன வாழ்கிறது? ஒவ்வொரு அறையிலும் ஏ.சி. பாயின்ட் இருக்கிறது. அந்தத் தண்ணி போக ஒரு பைப் இருக்கிறதா? பல இடங்களில் இல்லை. கீழ்வீட்டு சன்ஷேடிலும், தெருவில் போகிறவர் தலையிலும் சொட்டுகிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் கிச்சன் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதோடு, 'ஏ.சி. தண்ணிக்கு லைன் எங்கே?' என்றும் கேளுங்கள். பத்து பேர் கேட்டால் பதினொன்றாவது வீட்டில் பில்டர் தானாகவே போட்டுவிடுவார்.

"நாங்க வாடகை வீடு, சுவரை இடிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைக்கலாமே. குளித்த பிறகு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடலாமே. மழை விட்டு வெயில் அடிக்கும்போது ஜன்னல்களைத் திறந்து, மெஷின் ஓடும்போது மூடி வைக்கலாமே. சுவர் ஈரத்தைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டி, வாடகை கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கலாமே. குழந்தைக்கு இளைப்பு என்றால், அது வெறும் பெயின்ட் விஷயம் இல்லைங்க.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். அன்றைக்கு ஊரே ஒரே கேள்வியைக் கேட்டது: 'இவ்வளவு தண்ணியும் எங்கே போகும்? வாய்க்காலை ஏன் தூர் வாரலை?' சரியான கேள்வி. முனிசிபாலிட்டியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதே கேள்வியை நம் வீட்டு டியூபின் முனையில் நின்று நம்மையும் கேட்டுக்கொள்வோம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துவிட்டு, ஒரு நாரோடு கிளம்புங்கள். மெஷின், ஏ.சி., ஃப்ரிட்ஜ் மூன்றின் தண்ணியும் எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை போய்ப் பாருங்கள். போய்ச் சேர்கிற இடத்தில் தண்ணி தேங்கி நின்றால், உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பம்.