மாலையோடு போகும் வித்தை

சென்ற மாதம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நடந்த வழியனுப்பு உபசாரத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெறுகிறவர் எனக்குப் பழக்கமானவர். பிட்டர் வேலை. 1987-ல், 20 வயதில் உள்ளே நுழைந்தவர், 58 வயதில் வெளியே வருகிறார். ரோஜா மாலை, சால்வை, வெள்ளிக் குத்துவிளக்கு, எதிலும் குறைவில்லை. ஓசூரில் ரோஜாவுக்குப் பஞ்சமா என்ன? மானேஜர் பேசும்போது, "இவர் நம் தொழிற்சாலையின் பொக்கிஷம்" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் தட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்து 2 வருஷம்தான் ஆகிறதாம்.

"ஏன் தம்பி, முகம் வாடியிருக்கிறது?" என்றேன்.

"பொக்கிஷத்தை இன்னைக்கு வெளியே அனுப்பறாங்களே, சார்! நாளைக்கு அந்த கிரைண்டிங் மெஷின் முனக ஆரம்பிச்சா நான் யாரைக் கேட்பேன்?"

விஷயம் இதுதான். அந்த மெஷின் படுக்கப் போகிறது என்பது பெரியவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் வைப்பார். பிடியைக் காதோடு சேர்த்துக்கொள்வார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது போல ஒரு நிமிஷம். "இன்னும் 2 நாள் தாங்கும், சனிக்கிழமை பிரித்துவிடலாம்" என்பார். அப்படியே நடக்கும். அந்தச் சத்தத்தின் பாஷை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இது ஒரு மனிதரோடு முடிகிற கதையானால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஓசூரின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசோக் லேலண்ட் தொழிற்சாலை இங்கே வந்தது 1980-ல். டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்ததும் அதே வருஷம், இதே ஊரில். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கியது 1984-ல். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு எத்தனையோ பிள்ளைகள் அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினார்கள். அன்றைய பிள்ளைகள்தாம் இன்றைய தாத்தாக்கள். வரிசையாக மாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"கம்ப்யூட்டர் இருக்கும்போது என்ன கவலை? அதில் ஏற்றி வைத்தால் போயிற்று!" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காப்பி சாப்பிடும்போது பெரியவரையே கேட்டேன்.

சிரித்தார். "இருக்கு, சார். நல்ல யோசனை இருந்தால் எழுதச் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஓர் இடமே வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கிலீஷில் எழுத வேண்டும். அதையாவது பிள்ளையை விட்டு எழுதலாம். ரொம்ப நாளைக்கு முன்னே நான் ஒரு யோசனை சொன்னேன். காரியம் பலித்தது. பாராட்டு வேறொருவர் பெயரில் வந்தது. அன்றைக்கு மூடிய வாய்தான்."

நான் காப்பியை ஆற வைத்துவிட்டேன்.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. 'ஜெராக்ஸ்' என்றால் நமக்குத் தெருமுனைக் கடை ஞாபகம் வரும். அந்த மெஷினைச் செய்கிற அமெரிக்கக் கம்பெனி, ரிப்பேர் செய்கிறவர்களுக்குத் தடி தடியாகப் புத்தகம் போட்டுக் கொடுத்திருந்தது. 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் அந்த ரிப்பேர்க்காரர்களோடு கூடவே சுற்றினார். புத்தகம் கைவிட்ட இடத்தில் அவர்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிக்கையில் பேசிய கதைகள்! "அன்று ஒரு மெஷின் இப்படி மக்கர் செய்தது, நான் இப்படிச் சரி செய்தேன்" என்ற பேச்சு. வம்பு என்று மேலதிகாரிகள் நினைத்தது உண்மையில் பள்ளிக்கூடமாக இருந்தது.

அந்தப் பேச்சையே கம்ப்யூட்டரில் சேர்க்க 1990-களில் 'யுரேகா' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் பிரான்சு தேசத்தில் நடத்திப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு குறிப்பு அனுப்புவார். அனுபவமுள்ள சக தொழிலாளிகள் அதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்பார்கள். பிறகு எல்லோருக்கும் போகும். ஒரு குறிப்புக்கு இவ்வளவு என்று பணம் தரலாமா என்று யோசனை எழுந்தது. தொழிலாளிகள் வேண்டாம் என்றார்கள். பணம் என்றால் எண்ணிக்கைதான் பெருகும், தரம் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கேட்டது வேறு: "குறிப்போடு எங்கள் பெயரைப் போடுங்கள்." போட்டார்கள். மாண்ட்ரீல் நகரத்துக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, பிரேசில் தேசத்தில் ஒருவர் பல்லாயிரம் டாலர் மெஷினைத் தூக்கிப் போடாமல், சில காசு பெறுமான ஒரு சின்னப் பாகத்தை மாற்றி ஓட வைத்தாராம்!

நம் ஓசூருக்கும் இது புதுப் பாடமல்ல. தொழிலாளிகள் சிறு குழுவாகக் கூடித் தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே தீர்க்கிற முறை ஜப்பானில் 1962-ல் தொடங்கியது. தரத்துக்காக ஜப்பானியர் தருகிற டெமிங் பரிசை 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி பெற்றது. மேலிருந்து கீழ்வரை அத்தனை பேரும் கை கொடுக்காத இடத்துக்கு அந்தப் பரிசு வராது.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தருகிறது செல்போன். கன்னடம், தெலுங்கு, ஹிந்தி என்று மொழி பெயர்க்கவும் செய்கிறது. நான்கு பாஷையும் ஒரே ஷிப்டில் புழங்குகிற எல்லை ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றால், போதாது. காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அகப்படாது. மெஷின்வாரியாகப் பிரித்து, சரி பார்த்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சொல்லுகிறவருக்கு வாய் திறக்க மனசு வர வேண்டும். அந்த மனசைத் தயாரிக்கும் கருவியை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பையன் கெட்டிக்காரன். மானேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்கே போய்விட்டான். மெஷின் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து கொண்டு போயிருந்தான். விவரம் கேட்டதும், உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்ததாம்: "எனக்குக்கூட வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாத மனுஷர், உனக்கா சொல்லப்போகிறார்?"

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"தம்பி, என் பெயரைப் போடுவீங்க இல்லே?"

"முதல் வரியே உங்க பேருதாண்ணே!"

அன்று மத்தியானம் சாப்பாடு ஆறிப்போனதே தெரியாமல், சாயங்காலம்வரை பேசினாராம்.