தேங்காயைத் துருவியது யார்?

"பத்தே நிமிடத்தில் சுவையான எலுமிச்சை சாதம்!" இப்படி ஒரு தலைப்பைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. முன்பு மகளிர் இதழ்களோடு வந்த இலவச இணைப்புகளில் இருந்தது. பிறகு தொலைக்காட்சியின் மதிய நிகழ்ச்சிகளுக்கு வந்தது. இப்போது கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோவாக ஓடுகிறது. இடம் மாறியதே தவிர வாக்குறுதி மாறவில்லை. பத்து நிமிடம், அவ்வளவுதான்!

அந்தக் குறிப்பின் தேவையான பொருட்கள் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். உதிரியாக வடித்து ஆறவைத்த சாதம் இரண்டு கப். பிழிந்து வடிகட்டிய எலுமிச்சைச் சாறு இரண்டு மேஜைக்கரண்டி. பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் மூன்று. ஆய்ந்து கழுவிய கறிவேப்பிலை ஒரு கொத்து. வடித்து, ஆறவைத்து, பிழிந்து, நறுக்கி, ஆய்ந்து, கழுவி... அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இத்தனை வேலை முடிந்துவிட்டது! யார் செய்தார்கள்? எப்போது செய்தார்கள்? குறிப்பில் பதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம் என்று படித்திருப்போம். சமையல் குறிப்புகள் எல்லாம் அந்தப் பெயரெச்சத்தின் தயவில்தான் நிற்கின்றன. "துருவிய தேங்காய்" என்று எழுதினால் போதும், துருவியவரைச் சொல்ல வேண்டியதில்லை. ஊறவைத்த உளுந்து, வேகவைத்த பருப்பு, உரித்த சின்ன வெங்காயம், வறுத்து அரைத்த மசாலா. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவருடைய உழைப்பு ஒளிந்திருக்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்த உழைப்பு முடிந்த பிறகுதான். இது ஓட்டப்பந்தயத்தில் கடைசி நூறு மீட்டரை மட்டும் அளந்துவிட்டு, முழு ஓட்டத்துக்கும் அதுதான் நேரம் என்று சொல்வதைப் போன்றது.

சரி, நேர்மையாகவே கணக்குப் போடலாம். அரிசி களைந்து ஊற கால் மணி நேரம். வெந்து வடிய இருபது நிமிடம். தட்டில் கொட்டி ஆற இன்னொரு கால் மணி. அதற்குள் எலுமிச்சை பிழிய வேண்டும், மிளகாய் நறுக்க வேண்டும், கூடவே ஒரு தொட்டுக்கொள்ளவும் ஆக வேண்டும். தாளித்துக் கிளற ஐந்து நிமிடம். வடிதட்டு, தாம்பாளம், வாணலி, கரண்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்க்க மேலும் பத்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்தக் குறிப்பு சொன்ன பத்து நிமிடம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கடைசிப் பத்து நிமிடம்!

எலுமிச்சை சாதமாவது பரவாயில்லை. "இட்லிதானே, ஊற்றி எடுக்கப் பத்து நிமிடம்" என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், இட்லி வேக அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆனால் அந்த இட்லி முந்தைய நாளே தொடங்கிவிட்டது. அரிசியும் உளுந்தும் நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். கிரைண்டரில் ஆட்டி, வழித்து, கல்லைக் கழுவ ஒரு மணி நேரம் போகும். பிறகு இரவு முழுக்கப் புளிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால், "நாளைக்குக் காலையில் என்ன?" என்று முந்தின நாள் மதியமே ஒருவர் யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனைக்கு எந்தக் குறிப்பிலும் நிமிடக் கணக்கு கிடையாது. விடுமுறை நாளிலும், காய்ச்சல் நாளிலும் அந்த யோசனைக்கு ஓய்வும் கிடையாது.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று யாராவது நினைத்தால், அரசாங்கத்தின் கணக்கையே பார்க்கலாம். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதுவும் அந்த வேலைகளில் ஈடுபட்ட ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படி ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மீதமுள்ளவர்கள் அந்த நாளில் வீட்டு வேலை எதையும் தொடவே இல்லை. பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஈடுபட்டிருந்தார்கள்.

அதே கணக்கெடுப்பு 2024-ல் மறுபடியும் நடந்தது. பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆண்கள் கை கொடுத்ததால் குறைந்ததா? அவர்களுடைய நேரமும் 97-லிருந்து 88 ஆகக் குறைந்துவிட்டது! ஐந்து ஆண்டுகளில் எத்தனை உடனடி மாவுகள், எத்தனை புது மிக்ஸிகள், எத்தனை ஆயிரம் "ஈஸி ரெசிபி" வீடியோக்கள் வந்திருக்கும்? அத்தனைக்கும் பிறகு ஒரு பெண்ணின் நாளில் குறைந்தது பத்தே நிமிடம். பத்து நிமிடச் சமையல் என்பதற்கு இதைவிடக் கசப்பான பொருள் இருக்க முடியுமா?

இயந்திரம் வந்தால் வேலை குறைந்துவிடும் என்று நம்பியது நம் ஊர் மட்டுமல்ல. அமெரிக்க வீடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் ஒரு நூல் வெளியிட்டார். அம்மாவுக்குக் கூடுதல் வேலை என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அடுப்பு நவீனமானபோது விறகு பிளக்கும் வேலை குறைந்தது. அது ஆண்கள் செய்த வேலை. அடுப்படியில் பெண் நின்ற நேரமோ குறையவில்லை. வசதி கூடக் கூட, இன்னும் நன்றாக, இன்னும் வகைவகையாகச் சமைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடியது.

தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. ஆட்டுக்கல்லில் மாவரைத்த காலத்தில் எத்தனையோ கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் பலகாரங்கள். கிரைண்டர் வந்தது. 2011-ல் மாநில அரசே மிக்ஸியும் கிரைண்டரும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. தோள்பட்டை வலி குறைந்தது என்பதில் சந்தேகமே இல்லை, அது பெரிய விடுதலை. ஆனால் பண்டிகைப் பலகாரம் தினசரி உணவானது. இட்லிக்கு ஒரு சட்னி போதாமல் இரண்டானது. மிச்சமான நேரம் அவளிடம் வந்து சேரவில்லை, இன்னொரு கிண்ணமாக மாறி மேஜைக்குப் போய்விட்டது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அந்தக் காலத்தில் அம்மியில் அரைத்த ருசி வருமா? இந்தக் காலப் பெண்களுக்கு எல்லாம் அவசரம்" என்று பெருமூச்சு விடுகிற கூட்டம். 2021-ல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படத்தில் ஒரு மாமனார் வருவார். அவர் கோபப்படவே மாட்டார். குக்கர் சோறு வேண்டாம், விறகடுப்பில் வைத்தால் நல்லது என்று மென்மையாகத்தான் சொல்வார். அந்த ஒரு மென்மையான சொல்லுக்கு மருமகளின் பகல் முழுவதும் கரைந்துபோகும். 2023-ல் அதே பெயரில் தமிழிலும் எடுக்கப்பட்டது. இங்கே யாரும் அந்த மாமனாரை அந்நியராக நினைத்திருக்க மாட்டார்கள். அம்மியின் ருசியைப் புகழ்பவர்கள் அந்த அம்மியின் முன் உட்கார்ந்து ஒரு வாரம் அரைத்துவிட்டுப் புகழட்டும்.

பத்து நிமிடம் என்று விற்பவர்களும், பழைய ருசி என்று ஏங்குபவர்களும் எதிரிகள் போலத் தெரிவார்கள். ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. அடுப்பின் முன் நிற்பது யார் என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை.

"ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்பார்கள். அப்படியா? கல்யாணத்துக்குச் சமைக்கிற தலைமைச் சமையல்காரர் யார்? பரோட்டாக் கல்லில் நிற்பவர் யார்? டீ ஆற்றுபவர் யார்? பெரும்பாலும் ஆண்கள்தான். கூலி இருக்கிற இடத்தில் சமையல் ஆணுக்குத் தெரிகிறது. கூலி இல்லாத இடத்தில் மட்டும் மறந்துபோகிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்து, வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்தையும் தொட்டியில் குவித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருப்பது கணக்கில் சேராது. தினசரிச் சமையல் என்பது புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, அலுப்போடு, யாரும் பாராட்டாதபோதும் செய்வது.

அப்படியானால் எளிய சமையலே கிடையாதா? உண்டு. ஆனால் அது அடுப்பின் வேகத்தில் இல்லை. வகைகளைக் குறைப்பதில் இருக்கிறது. கொங்கு நாட்டின் அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், ஒரு தக்காளி, மஞ்சள் தூள் என்று வதக்கி, கழுவிய அரிசி பருப்பைப் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூன்று விசில் விட்டால் முடிந்தது. மேலே கொஞ்சம் நெய், பக்கத்தில் தயிர் அல்லது அப்பளம். சோறு தனி, குழம்பு தனி, கூட்டு தனி என்று மூன்று அடுப்பு ஓட வேண்டியதில்லை.

இதற்கு எவ்வளவு நேரம்? உரிக்கவும் நறுக்கவும் கால் மணி, வதக்கி வேகவைக்கப் பதினைந்து நிமிடம், ஆவி அடங்கப் பத்து நிமிடம். மொத்தம் நாற்பது நிமிடம். "நாற்பது நிமிடத்தில் அரிசிம்பருப்பு சாதம்" என்று தலைப்பு வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. ஒருவர் வெங்காயம் உரித்து, இன்னொருவர் தாளித்து, சாப்பிட்ட பிறகு மூன்றாமவர் குக்கரைத் தேய்த்தால், ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். பத்து நிமிடச் சமையல் நிஜமாவது அங்கேதான்!

ஆகவே சமையல் குறிப்பு எழுதுபவர்களுக்கும் வீடியோ எடுப்பவர்களுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. நேரத்தை அரிசி களைவதிலிருந்து கணக்கிடுங்கள், பாத்திரம் கவிழ்ப்பதில் முடியுங்கள். இன்றைக்குப் பத்து நிமிடம் என்று படித்துவிட்டு ஒரு மணி நேரம் நிற்கிற பெண், குறிப்பைச் சந்தேகப்படுவதில்லை. தன் கைதான் மந்தம் என்று தன்னையே சந்தேகப்படுகிறாள். "இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்று கூடத்திலிருந்து வருகிற குரலுக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆதாரமாகிறது.

கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. அந்தக் கேள்வியை உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்காதீர்கள். எழுந்து உள்ளே போனால், தேங்காய் இன்னும் உடைக்காமல் இருக்கும். துருவியும் பக்கத்திலேயே இருக்கும்.