தரம் இறங்கியும் ஐரோப்பா!

லீக்கில் மேலே வந்தால்தான் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளில் ஆட முடியும் என்று நினைக்கிறோம், இல்லையா? இன்னொரு வாசலும் உண்டு. இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பையை வெல்லும் அணிக்கு யூரோப்பா லீக்கில் இடம்.

2013 மே 11. இறுதிப் போட்டியில் சின்ன அணியான விகன் அத்லெடிக்குக்கு எதிரே பணக்கார மான்செஸ்டர் சிட்டி. 91-வது நிமிடத்தில் பென் வாட்சன் தலையால் முட்டிய பந்துதான் ஆட்டத்தின் ஒரே கோல்! கால் முறிந்து பல மாதம் ஆடாமல் இருந்தவர். அன்றைக்கும் மாற்று வீரராகத்தான் உள்ளே வந்தார்.

மூன்றே நாளில் ஆர்சனலிடம் 1-4 தோல்வி. பிரீமியர் லீக்கிலிருந்தே விகன் கீழே இறக்கப்பட்டது. ரசிகர்கள் சிரிப்பார்களா, அழுவார்களா?

ஆனாலும் கோப்பை தந்த இடம் கையை விட்டுப் போகவில்லை. அடுத்த சீசனில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டே, ரஷ்யாவின் ரூபின் கசானோடும் ஸ்லோவேனியாவின் மாரிபோரோடும் மோதியது. குரூப் சுற்றோடு திரும்பியது வேறு கதை.