வேவு பார்த்தால்தான் இணையம் பிழைக்குமா?

விளம்பரம் இல்லாவிட்டால் இணையம் இல்லை, ஆளைப் பின்தொடராவிட்டால் விளம்பரம் இல்லை என்று விளம்பரத் தொழில் பல காலமாகச் சொல்லிவருகிறது. இப்போது நாமே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டோம். "எல்லாம் இலவசமா கிடைக்குதே, நம்ம தகவலை எடுத்துக்கிட்டா என்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். விளம்பரத் தொழிலின் முதல் கூற்று பாதிப் பொய். இரண்டாவது முழுப் பொய்.

நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.பி.ஓ.வில் நடந்ததைப் பாருங்கள். 2018-இல் ஐரோப்பாவின் புதிய தரவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, பின்தொடரும் குக்கீகளுக்குச் சம்மதமா என்று அது தன் தளத்துக்கு வருபவர்களிடம் கேட்டது. பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை. 2020 ஜனவரியில் விளம்பரக் குக்கீகளையே அது கைவிட்டது. பார்ப்பவர் யார் என்று துருவாமல், பார்க்கப்படும் நிகழ்ச்சி எதைப் பற்றியது என்பதை வைத்து விளம்பரம் போட்டது. நமக்குச் சொல்லப்பட்ட கதைப்படி வருமானம் சரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஜனவரியில் அதன் இணைய விளம்பர வருமானம் முந்தைய ஆண்டைவிட 62 சதவீதம் கூடியது. பிப்ரவரியில் 79 சதவீதம்.

இடையில் நின்ற தரகர்கள் விலகியதுதான் முக்கியக் காரணம். ஆளை அடையாளம் காட்டி, பக்கம் திறக்கும் நொடிக்குள் ஏலம் விடும் இந்த வியாபாரத்தில் ஒரு கூட்டமே நின்று ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டன் விளம்பரதாரர்களின் சங்கமான இஸ்பாவுக்காக பிடபிள்யூசி நிறுவனம் 2020-இல் கணக்குப் பார்த்தது. விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய பாதிதான் பதிப்பாளர் கைக்குப் போயிருந்தது. 15 சதவீதம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நிருபருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேவு பார்க்கிறோம் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

குக்கீ பிறந்ததும் வேவு பார்ப்பதற்காக அல்ல. 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கியபோது, கடைத்தளத்தில் ஒருவர் கூடையில் போட்டதை நினைவில் வைத்திருப்பதே நோக்கம். அதை வேவுக் கருவியாக்கியவர்கள் பின்னால் வந்த விளம்பர நிறுவனங்கள்.

விளம்பரமே இல்லாமலும் இணையத்தின் சிறந்த பகுதிகள் வளர்ந்திருக்கின்றன. விக்கிப்பீடியா நன்கொடையில் நடக்கிறது. சங்க இலக்கியத்தை இன்று எந்த ஊரிலிருந்தும் காசில்லாமல் படிக்க முடிகிறதென்றால், 1998 முதல் மதுரைத் திட்டத்துக்காகத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்த தன்னார்வலர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழியாமல் காக்கும் நூலகம் திட்டமும் அப்படித்தான். இவர்களில் யாரும் வாசகனை விற்கவில்லை.

நன்கொடையில் நாளிதழ் நடத்த முடியுமா, சந்தா கட்ட எல்லோருக்கும் வசதி உண்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லோராலும் முடியாது. எனவே விளம்பரம் இருக்கட்டும். நான் எதிர்ப்பது வேவை. நம் நாளிதழ்கள் பல பத்தாண்டுகள் வரி விளம்பரத்திலும் நகைக்கடை விளம்பரத்திலும் வாழ்ந்தன. தேநீர்க்கடையில் நாளிதழைப் புரட்டியவர் யார் என்று எந்த நகைக்கடைக்கும் தெரியாது.

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடுக்க வகைசெய்கிறது. அது தீங்கு என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, பதினெட்டு வயது முடிந்த மறுநாளே அந்தப் பாதுகாப்பை ஏன் பறிக்க வேண்டும்? உரத்தைப் பற்றிப் படிக்கும் விவசாயிக்கு டிராக்டர் விளம்பரம் காட்டுங்கள். நேற்றிரவு அவர் எந்த நோய்க்கு மருத்துவம் தேடினார் என்பது டிராக்டர் விற்பவருக்கு எதற்கு?