வேடந்தாங்கல் உழவர்

தினையும் கிழங்கும் போதாத நாளில் மான் எய்து உண்ட குறிஞ்சி வேட்டுவனைப் பழித்தல் முறையன்று. உண்பதற்கு வேறு பல இருக்க, நாச்சுவை கருதிக் காட்டுயிரைக் கொல்வாரையோ என் மனம் ஏற்பதில்லை. 'கோழியை உண்போர் கொக்கை உண்டால் என்ன?' என்று வினவுவார் உளர். கேட்கத்தக்க வினாவே. கோழி நாம் வளர்க்கப் பெருகுவது. கொக்கை வளர்ப்பார் யார்? கூடு கட்டிய காலத்தில் தாயைச் சுட்டால் குஞ்சுகளும் மடியும்.

வேடந்தாங்கல் உழவர் இதனை நன்கறிந்தவர். (ஊர்ப் பெயரிலேயே வேடன் இருக்கின்றான்!) பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் நெல்வயலுக்கு எருவாயிற்று. ஆங்கிலப் படைவீரர் சிலர் அங்குப் பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் திரண்டு சென்று செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். பறவைகளைக் காக்கும் அவர்தம் உரிமையை 1798-ஆம் ஆண்டில் அரசு ஏற்றது. நாடு முழுமைக்குமான வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதோ 1972-இல்தான்.