நட்ட கணக்கு வேண்டாம்! மரம் யாருக்குச் சொந்தம், அதைச் சொல்!



இயற்கையைக் காக்கும் கிறிஸ்தவ அமைப்புகளும், பஞ்ச நிவாரணம் செய்யும் தொண்டு நிறுவனங்களும் இன்று கைகோர்த்து நிற்கின்றன. போர்ச்சுக்கலில் 1983-ல் பறவை ஆய்வு நிலையமாகத் தொடங்கிய அ ரோஷாவும், பிரிட்டனின் நிவாரண அமைப்பான டியர்ஃபண்டும் காலநிலைப் பிரச்சாரத்தில் சேர்ந்தே குரல் கொடுக்கின்றன. சோறும் வேணும், மரமும் வேணும் என்கிறார்கள். சரிதான். மண் செத்த ஊரில் எத்தனை மூட்டை இறக்கினாலும் அடுத்த வருஷமும் கையேந்தத்தான் வேண்டும். இந்தக் கூட்டை நாம் எதிர்க்கவில்லை. நம் கேள்வி ஒன்றுதான்: வளர்ந்த மரம் யாருக்கு?

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைப் பாருங்கள். மழையை நம்பிக் கம்பும் சோளமும் போடுகிற மானாவாரி பூமி. ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ 1981-ல் ஒரு கிறிஸ்தவ மிஷன் சார்பில் அங்குள்ள மராடி பகுதிக்குப் போனார். கன்று நட்டார்கள். பெரும்பாலானவை கருகிப் போயின. 1983-ல்தான் விஷயம் புரிந்தது. வயலில் புதர் என்று நினைத்ததெல்லாம் வெட்டுப்பட்ட மரங்களின் துளிர்! வேர் மண்ணுக்குள்ளே உயிரோடு இருந்தது. நல்ல தண்டு நாலை விட்டு மற்றதைக் கழித்தால் போதும். நாற்றங்காலும் வேண்டாம், டேங்கர் தண்ணியும் வேண்டாம்.

அப்படியானால் அதுவரை மரம் ஏன் வளரவில்லை? விவசாயி சோம்பேறியா? இல்லவே இல்லை! பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலிருந்தே அங்கே மரம் சர்க்கார் சொத்து. தன் வயல் மரத்தைத் தொட்டால் அபராதம். அப்புறம் எவன் வளர்ப்பான்? 1984 பஞ்சத்தில், மரம் காத்தவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். உணவு நின்றதும் பலர் மரத்தை வெட்டினார்கள். வனத்துறைக் கெடுபிடி தளர்ந்து, 'இது என் மரம்' என்ற நம்பிக்கை வந்த பிறகே ஊர் ஊராகப் பரவியது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர்! யாரிடமும் கூலி வாங்காமல் விவசாயியே செய்த வேலை இது.

எத்தியோப்பியாவின் ஹும்போவிலும் இதே பாடம்தான். வேர்ல்டு விஷன் என்ற கிறிஸ்தவ நிவாரண அமைப்பு 2006 வாக்கில் தொடங்கிய திட்டம். சுமார் 2,700 ஹெக்டேர் மலைக்காட்டின் உரிமை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடைத்தது. கார்பன் விற்ற பணமும் சங்கங்களுக்கே வந்தது. மொட்டை மலை பச்சையானது.

'விவசாயி கையில் மரத்தைக் கொடுத்தால் வெட்டி வித்துடுவான்' என்று பேசுகிறவர்களே! உரிமை இல்லாதபோது வெட்டினான், உரிமை வந்ததும் காத்தான். நைஜர் சொல்லும் பதில் இது!

ஆகவே எந்தச் சபை வந்தாலும், எந்த நிறுவனம் வந்தாலும் நாம் கேட்போம்:

* நட்ட கன்றின் கணக்கு வேண்டாம், மூணு வருஷம் கழித்துப் பிழைத்த கணக்கைக் காட்டு!
* எந்த மரம், எந்த இடம் என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும்!
* விறகும் காயும் கார்பன் பணமும் காத்தவருக்கே என்று முதலில் எழுதிக் கொடு!

போட்டோவுக்கு மரம் நட்டவன் போய்விடுவான். வெயிலில் நின்று காப்பது நாம்தான்!

ஒன்றுபடுவோம்! மரத்தின் மீதான உரிமையை மீட்போம்!